அந்த வருத்தம் என்று எழுதியவர்களுக்கு

இரண்டு மாதத்துக்கு முன் கை வீக்கம் பற்றி ஒரு வாசகி கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்போது, நடுவில் ‘எனக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது, எனக்கும் இடது கை இப்படித்தான் வீங்கும்’ என்று ஒரு வரி போட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் இப்போது ஒரு பிஸ்கட் டின் நிறைய இருக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், முக்கால்வாசிப் பேர் நோயின் பெயரை எழுதவே இல்லை. ‘அந்த வருத்தம்’ என்கிறார்கள், நம் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய்தானே. ஒருவர் அதையும் எழுதாமல் மூன்று புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். போடவில்லை. இரண்டு பேருக்கு ஊரையும் மாற்றியிருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: 34 வருடம் மிட்வைஃப் வேலை பார்த்தவள் நான். மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு பக்கமும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சைக்கிளில் திரிந்து, ‘மாதம் ஒருக்கா மார்பைத் தடவிப் பாருங்க பிள்ளை’ என்று எத்தனை பெண்களிடம் சொன்னேனோ கணக்கில்லை. 2011இல் என் கைக்கே கட்டி தட்டுப்பட்டபோது ஐந்து மாதம் யாரிடமும் சொல்லாமல் திரிந்தேன். ஆகவே புத்தி சொல்லும் தகுதியில் இதை எழுதவில்லை. டாக்டரும் இல்லை. பட்டவள், அவ்வளவுதான்.

*

கேள்வி: ஒப்பரேஷன், 8 தரம் கீமோ மருந்து ஏற்றியது, கரண்ட் (கதிர்வீச்சு) பிடித்தது எல்லாம் முடிந்துவிட்டது. பெப்ரவரியில் டாக்டர், இனி மூன்று மாதத்துக்கு ஒருக்கா வந்தால் போதும் என்றார். வீட்டில் புக்கை பொங்கி அயலுக்கெல்லாம் கொடுத்தார்கள். அன்று இரவு தொடங்கின அழுகை இன்னும் நிற்கவில்லை. சிகிச்சை நடந்த காலத்தில்கூட நான் இப்படி அழவில்லை. எல்லாரும் ‘சுகமாயிட்டுத்தானே, பிறகென்ன’ என்கிறார்கள். நான் நன்றி கெட்டவளா மிஸ்? (44 வயது, ஆரையம்பதி)

தங்கச்சி, 2004 சுனாமி நேரம் நான் ஒரு பள்ளிக்கூட முகாமில் வேலை செய்தேன். கர்ப்பிணித் தாய்மாரைக் கணக்கெடுத்தேன். பால்மா பங்கிட்டேன். ஒரு வகுப்பறையில் இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டுப் பிரசவமும் பார்த்தேன். நாவலடியில் இருந்த என் அக்கா அந்த ஞாயிற்றுக்கிழமை காலையே போய்விட்டார். நான் அழவில்லை. ‘மிஸ் இரும்பு’ என்று முகாமில் பேர். ஏப்ரலில் சித்திரை வருடத்துக்கு உடுப்பு எடுக்கக் கடைக்குப் போனேன். வழக்கம்போல ஒரே கரை போட்ட சேலையை இரண்டு நிறத்தில் எடுத்துக் கையில் வைத்திருக்கிறேன். கடைப் பொடியன் ‘ரெண்டையும் பில் போடவா மிஸ்?’ என்று கேட்கிறான். அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். நாலு மாதத்து அழுகை முழுவதும் அந்தத் துணிக்கடைத் தரையில்தான் வந்தது.

உங்கள் புக்கைப் பானையும் அந்தச் சேலை மாதிரித்தான். மருந்து ஏற்றுகிற காலத்தில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. 21 நாளுக்கு ஒரு ஊசி. முதல் கிழமை வாந்தியும் வாய்ப்புண்ணும், இரண்டாம் கிழமை வெள்ளை அணு இறங்கிக் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயம், மூன்றாம் கிழமை கொஞ்சம் ஆளாகி ஒரு மீன்கறி ருசிக்கும். மறுகா திரும்பவும் ஊசி. இரத்தம் குத்த வேண்டும், ரிப்போர்ட் எடுக்க வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும். நேர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பக்கத்துக் கதிரையில் நம்மைப் போல ஒருத்தி இருப்பாள். ஒரு நாள் இதெல்லாம் ஒன்றாக நின்றுவிடுகிறது. வீட்டுக்கு வருகிறோம். வீட்டார் மிளகாய் இடிக்கவும் பிள்ளையின் டியூஷனுக்குக் காசு எண்ணவும் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு அது முடிந்துவிட்டது. நமக்கு அப்போதுதான் என்ன நடந்தது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. இதில் நன்றிகேடு எங்கே இருக்கிறது?

உடம்பின் பங்கும் இதில் உண்டு. 44 வயதில் கீமோ ஏற்றினால் மாதவிடாய் திடீரென்று நின்றுவிடலாம். நோய் திரும்பாமல் இருக்க டமொக்ஸிஃபென் மாத்திரை தந்திருந்தால் (5 வருடம், சிலருக்கு 10 வருடம்) இரவில் நெஞ்சிலிருந்து தலைக்கு நெருப்பு ஏறுவதுபோல ஒரு சூடு வரும், வேர்த்து நனைந்து எழும்புவீர்கள். ஒழுங்கான தூக்கம் இல்லாத ஆளுக்கு அழுகை கிட்டவே நிற்கும். இதைக் கிளினிக்கில் சொல்லுங்கள். ‘வேறு ஒன்றுமில்லை டாக்டர்’ என்று எழும்பி வந்துவிடாதீர்கள். நாமெல்லாம் அதில் கெட்டிக்காரிகள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். இரண்டு கிழமைக்கு மேல் ஒரு நாளும் விடாமல் இப்படியே இருந்தால், சாப்பாடு இறங்காவிட்டால், பிள்ளைகளைப் பார்த்தும் மனம் அசையாவிட்டால், செத்தால் நல்லம் என்று ஒரு தரமாவது தோன்றினால், அது அழுது தீருகிற துக்கம் இல்லை, மருந்துள்ள வருத்தம். ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுத்துக் கதைக்கலாம். மனநல டாக்டரிடம் போனால் நீங்கள் டமொக்ஸிஃபென் குடிப்பதைச் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் அதன் வேலையைக் குறைக்கும், அவர் பார்த்து வேறு தருவார்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. போன மாதம் மார்பில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அவருக்கு இன்னும் சொல்லவில்லை. ‘சும்மா கட்டி, எடுத்தால் சரி’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் தாங்க மாட்டார். எப்படித் தொடர்ந்து மறைப்பது? (மகன், களுவாஞ்சிக்குடி)

தம்பி, அம்மா தினமும் பேப்பர் வாசிக்கிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். புற்றுநோய்ப் பிரிவு என்று மூன்று மொழியிலும் எழுதின போர்டுக்குக் கீழேதான் அவரை உட்கார வைக்கிறீர்கள்.

என் கதையைக் கேளுங்கள். 2011இல் கட்டியில் துண்டெடுத்துப் பார்த்த பயொப்சி முடிவு வந்த அன்று, அந்த டாக்டர் (எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம்) என்னை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என் கணவரை உள்ளே கூப்பிட்டார். நோய் எனக்கு, ரிப்போர்ட்டில் பேர் என்னுடையது, 29 வருடம் சுகாதார வேலையில் இருப்பவளும் நான். இவர் வயல் செய்கிற மனிசன். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இவரின் ஒரு கால் மட்டும் தெரிந்தது. செருப்புக்குள் பெருவிரல் மடங்கி நிமிர்ந்து, மடங்கி நிமிர்ந்து கொண்டிருந்தது. எனக்கு விளங்கிவிட்டது.

வெளியே வந்து ‘சின்னக் கட்டியாம்’ என்றார். நானும் ‘அப்படியா’ என்றேன். மூன்று நாள் அந்த வீட்டில் இரண்டு பேரும் நடித்தோம். அவர் கிணற்றடியில் போய் அழுதார், நான் அடுப்படியில். சத்தம் கேட்டால் அவர் வாளியைப் போடுவார், நான் சட்டியைப் போடுவேன். நாலாம் நாள் இரவு கரண்ட் போய்விட்டது. இருட்டில் முகம் தெரியாதுதானே, அந்தத் தைரியத்தில் நான்தான், ‘எனக்குத் தெரியும், இனி நடிக்கத் தேவையில்லை’ என்றேன். அந்த வருடம் முழுவதும் எனக்குக் கிடைத்த நல்ல தூக்கம் அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டத் தேவையில்லை. ‘அம்மா, டாக்டர் சொன்னதில் எவ்வளவு தெரிய விருப்பம்?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள், அது அவர் உரிமை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.

*

கேள்வி: என் மனைவிக்கு ஒரு பக்க மார்பு எடுத்து ஆறு மாதம். அறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் உடுப்பு மாற்றுகிறார். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். நான் அவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒன்றுமே சொல்லவில்லை, கிட்டவும் போகவில்லை. நான் செய்வது சரிதானே? (கணவர், வாழைச்சேனை)

சரியில்லை தம்பி. கோபிக்காதீர்கள். ஆண் ஒருவர் இதை எழுதிக் கேட்டதற்கே எனக்கு உங்கள் மேல் மரியாதை. ஆனால் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு என்ன நினைக்கிறார் என்று சொல்லவா? ‘இவருக்கு என்னைப் பார்க்க அருவருப்பு, அதுதான் கிட்ட வருகிறாரில்லை’. நீங்கள் மரியாதைக்குத் தள்ளி நிற்கிறீர்கள். அவருக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள், நடுவில் ஒரு முழப் பாய் காலியாகக் கிடக்கிறது.

எனக்கு ஒப்பரேஷன் முடிந்து வீட்டுக்கு விடும்போது அக்குளுக்குக் கீழே ஒரு குழாயும் அதன் நுனியில் ஒரு போத்தலுமாகத்தான் விட்டார்கள். காயத்து நீர் அதில் வடியும். தினமும் அளந்து ஊற்ற வேண்டும், குறைந்த பிறகுதான் குழாயை எடுப்பார்கள். நான் யாரையும் கிட்ட விடவில்லை. எனக்கே அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. இரண்டாம் நாள் காலை இவர் ஒரு கொப்பியோடு வந்து நின்றார். பெரும்போகத்து நெல்லுக் கணக்குக் கொப்பி. ‘அளவைச் சொல்லு, எழுதுறன்’ என்றார். நான் சொல்லவில்லை. தானே குந்தி, போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்து, விதைநெல் பார்க்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்து எழுதினார். ‘காலை 80. பின்னேரம் 55.’ அதற்கு மேல் வரியில் யூரியா எத்தனை அந்தர் என்று இருந்தது. எட்டாம் நாள் ‘25’ என்று எழுதிவிட்டு, ‘வத்துது’ என்றார், வாய்க்கால் தண்ணியைச் சொல்கிற அதே குரலில். எனக்குச் சிரிப்பு வந்து காயம் இழுத்தது. அவர் அந்தக் காயத்தைப் பார்த்துப் பழகினது அப்படித்தான், ஒரு வேலையாக. அழகு, அன்பு என்றெல்லாம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கவும் மாட்டேன்.

ஆகவே உங்களுக்கும் ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். வெட்டின பக்கத்துக் கையை மெல்ல மேலே தூக்கிச் சுவரில் விரலை நடக்க விடுகிற பயிற்சி ஒன்று கட்டாயம் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் நின்று நேற்று எட்டின இடத்தில் பென்சிலால் கீறி வையுங்கள். அந்தக் கையில் ஊசி குத்தவோ பிரஷர் பார்க்கவோ விடாதீர்கள், டாக்டரைக் கேட்காமல் பெரிய பாரம் தூக்க விடாதீர்கள். மீன் வெட்டும்போது முள் குத்தாமல் பாருங்கள், சின்னக் கீறலிலும் கை வீங்கலாம். மீனை நீங்களே வெட்டினாலும் குற்றமில்லை. தழும்பில் பூச எண்ணெய் தந்திருந்தால் ‘நான் பூசவா’ என்று ஒரு நாள் கேளுங்கள். வேண்டாம் என்பார். ஒரு கிழமை விட்டுத் திரும்பக் கேளுங்கள். கேட்டதே அவருக்குப் போய்ச் சேரும். மற்றது, மிச்சத்தை அவர் சொல்கிற வேகத்தில் விடுங்கள். மருந்தாலும் மாத்திரையாலும் உடம்பு வறண்டு நோவெடுக்கலாம், அதற்கும் வைத்தியம் இருக்கிறது, கூச்சப்படாமல் கேட்கலாம்.

*

கேள்வி: பிளவுஸுக்குள் என்ன வைப்பது? கொழும்பில் விற்கிறது என்றார்கள், விலை கேட்டுத் தலை சுற்றியது. (கல்முனை)

இதில் நான் பட்டதாரி! காயம் ஆறும்வரை வெறும் மெல்லிய நூல் துணியும் பஞ்சும்தான், அழுத்தம் கூடாது. ஆறின பிறகு பாரம் வேண்டும். ஒரு பக்கம் பாரமில்லாவிட்டால் தோள் மேலே ஏறும், முதுகு நோகும், பிளவுஸ் ஒரு பக்கம் மேலே மேலே போகும். இது தெரிந்து நான் கெட்டித்தனமாக ஒரு துணிப்பையில் சம்பா அரிசியை நிரப்பித் தைத்தேன். அளவு, பாரம், தொங்கல் எல்லாம் அச்சு அசல். மூன்றாம் கிழமை பிரசவ வீடு ஒன்றில் இருக்கும்போது நெஞ்சில் ஏதோ ஊர்ந்தது. அரிசியில் வண்டு! வேர்வை ஈரம் பட்டால் வராமல் என்ன செய்யும். பிறகு பழைய நூல் சேலைத் துண்டில் பை தைத்து, இலவம் பஞ்சுக்கு நடுவில் பேத்தியின் பாசிமணியைப் போட்டேன். கழுவலாம், காய வைக்கலாம். பையை இரண்டாகத் தைத்துக்கொள்ளுங்கள், மாரியில் ஒன்று காயாது. பிராவின் உள்ளே ஒரு சேப்புத் தைத்து அதற்குள் வையுங்கள். இல்லாவிட்டால் குனியும்போது வெளியே வந்து மானத்தை வாங்கும்.

ஒன்றும் வைக்காமலே போகிறேன் என்றாலும் போகலாம். நான் இப்போது வீட்டில் அப்படித்தான்.

*

கேள்வி: இரண்டாவது ஊசியோடு என் முடி முழுக்கப் போய்விட்டது. வெளியில் எப்படியும் தலையை மூடித்தானே போகிறோம், ‘உங்களுக்கு லேசு, ஒருத்தருக்கும் தெரியாது’ என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னார். ஆனால் நான் வீட்டுக்குள்ளும் முக்காட்டைக் கழற்றுவதில்லை. என் 6 வயது மகன் என் முடியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவான். இப்போது ‘உம்மா, முடி எங்க?’ என்று கேட்கிறான். உம்மாவுக்குத் தலையிடி என்று சொல்லித் திரும்பிப் படுக்கிறேன். (அக்கரைப்பற்று)

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியில் போய் நின்றேன் தங்கச்சி. லேசு என்று சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வெளியாருக்கு மறைப்பதில் நமக்கு என்றைக்கும் கஷ்டமில்லை. கஷ்டம் வீட்டுக்குள்தான்.

மகனிடம் பகலில் சொல்லுங்கள். இரவில் சொன்னால் பயம் பெரிதாகும். ‘உம்மாவுக்கு ஒரு வருத்தம். அதுக்குப் போடுற மருந்து முடியைக் கொட்ட வெச்சிட்டு. மருந்து முடிஞ்சா முடி வரும்’ என்று மூன்று வசனம். இன்னும் இரண்டு விஷயத்தை அவன் கேட்காமலே சொல்லுங்கள்: இது தொட்டால் தொற்றாது, அவன் குழப்படி செய்ததால் வந்ததும் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் எதற்கும் தாங்கள்தான் காரணம் என்று மனதுக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு அவன் கையை எடுத்து உங்கள் தலையில் வையுங்கள்.

என் பேரனுக்கு அப்போது நாலு வயது. நான் மறைத்து மறைத்து வைத்திருந்த தலையை ஒரு நாள் முகம் கழுவும்போது பார்த்துவிட்டான். கிட்ட வந்து தடவி, ‘அம்மம்மா, தேங்காய்’ என்றான். அதற்குப் பிறகு அந்தத் தேங்காயைத் தடவாமல் தூங்க மாட்டான். கடைசி ஊசிக்குப் பிறகு இரண்டு மாதத்தில் பூனை முடி மாதிரி வரத் தொடங்கியது. எனக்கு நேர்முடி, வந்ததோ சுருள். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம், அவனுக்கு மட்டும் கோபம்: ‘தேங்காய் எங்க போச்சு?’

இரவில் மெல்லிய பருத்தித் தொப்பி போடுங்கள், வெறுந்தலை குளிரும்.

*

கேள்வி: எனக்கு 26 வயது. அம்மாவுக்கு 49. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அம்மாவின் வருத்தத்தைச் சொல்லக் கூடாது என்கிறார் அம்மம்மா, ‘குடிக்கே வாற வருத்தம் எண்டு சொல்லிப்போடுவாங்க’ என்று. அதோடு அம்மா வீட்டை இப்போதே என் பேருக்கு உறுதி எழுதிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார். எனக்கு அது அவர் விடைபெறுகிற மாதிரி இருக்கிறது. நொத்தாரிசிடம் போகும் நாளை நான் இரண்டு தரம் தட்டிவிட்டேன். (தம்பிலுவில்)

மகள், முதலில் குடிக் கதை. நம் பக்கத்தில் குடி என்கிற வம்சமும் அதன் கிளையான வயிற்றுவாரும் தாய் வழி. அதனால் எதையும் தாய் வழியிலேயே தேடுகிற பழக்கம் நமக்கு. இந்த வருத்தம் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படாது. நூறு மார்பகப் புற்றுநோயில் ஐந்து முதல் பத்துத்தான் பரம்பரை மரபணுவால் வருகிறது. அந்த மரபணுவும் தகப்பன் வழியாக வரலாம், ஆணுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பில் போகும். ஆண்களுக்கும் அரிதாக மார்பில் புற்றுநோய் வருவதுண்டு. ஆகவே அம்மம்மாவிடம் சொல்லுங்கள், குடியில் பழி போடுவதென்றால் அப்பாவின் குடியையும் விசாரிக்க வேண்டும் என்று. உங்கள் குடும்பத்தில் இன்னும் யாருக்காவது மார்பிலோ சூல்பையிலோ இளவயதில் வந்திருந்தால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். இல்லாவிட்டாலும் அம்மாவுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பிருந்தே நீங்கள் பரிசோதனைக்குப் போவது நல்லது. 35 வயதானதும் சுகவனிதையர் கிளினிக் இருக்கிறது, காசில்லை, பழைய என்னைப் போல ஒரு மிஸ் அங்கே இருப்பார்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு முன் மாப்பிள்ளைக்குச் சொல்லுங்கள், நீங்களே சொல்லுங்கள். கேட்டு எழும்பிப் போகிறவர் கலியாணத்துக்குப் பிறகு போவதைவிட இப்போது போகட்டும். அது ஒரு அவமானம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சின்ன அவமானம்.

உறுதி விஷயம் வேறு. உங்கள் தவிப்பு எனக்கு விளங்குகிறது. ஆனால் பெண்பிள்ளைக்கு வீடு எழுதுவது நம் ஊரில் தாய்மார் நூறு வருடமாகச் செய்கிற வேலை. சுகமாக இருக்கிறவர்களும் எழுதுகிறார்கள். என் அம்மா எனக்கு எழுதித் தந்தபோது எனக்கு 22 வயது, அவர் 81 வரை இருந்து அந்த வீட்டிலேயே என்னோடு சண்டை பிடித்தார். ஒரு வருடமாக உங்கள் அம்மாவின் உடம்பில் மற்றவர்கள்தான் எல்லாம் செய்தார்கள். வெட்டினது ஒருவர், ஊசி குத்தினது ஒருவர், என்ன சாப்பிடுவது என்று சொன்னது ஒருவர். தன் கையால் தானே செய்கிற ஒரு காரியம் அவருக்கு வேண்டியிருக்கிறது. நொத்தாரிசிடம் சீவிய உரித்தை அம்மாவுக்கே வைத்து எழுதச் சொல்லுங்கள். அப்போது அவர் உயிரோடு இருக்கும்வரை வீடு அவர் ஆட்சியில்தான். மூன்றாம் தரம் தட்டாதீர்கள். திரும்பி வரும்போது இரண்டு பேரும் எங்காவது ஐஸ்கிரீம் குடியுங்கள்.

*

சின்னக் கேள்விகள் இரண்டு. அன்னமுன்னா இலை அவித்துக் குடித்தால் கீமோ தேவையில்லையாமே என்று ஏறாவூரிலிருந்து: தேவை. நிரூபணமான மருந்தை விட்டுவிட்டு அதைக் குடித்துக்கொண்டிருந்தால் இழப்பது நாட்களைத்தான். கீமோ நடக்கும்போது எந்தக் கஷாயத்தையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்காதீர்கள். நண்டும் இறாலும் கிரந்தி என்று நிறுத்தி வைத்திருந்தால், ஒவ்வாமை இல்லாதவர்கள் நன்றாக அவித்துச் சாப்பிடலாம், உடம்பு தேற அந்தப் புரதம் வேண்டும்.

இது செய்வினை, கழிப்புக் கழிக்க வேண்டும் என்று மாமி சொல்கிறார் என ஒருவர். கழித்தால் மாமியின் மனம் ஆறுமென்றால் கழிக்கட்டும், கிளினிக் திகதியில் மட்டும் வைக்க வேண்டாம். எனக்குப் பயம் அதற்கு அடுத்த கேள்வியில்: ‘செய்தது யார்?’ அதற்குப் பதிலாகக் கடைசியில் மச்சாளையோ அயலாளையோ காட்டுவார்கள். உங்களுக்குக் கஞ்சி கொண்டுவருகிற ஒரு ஆள் அன்றோடு குறைந்துபோகும்.

*

கேள்வி: உங்களுக்கு வந்து இத்தனை வருடமாகிவிட்டது. பயம் போய்விட்டதா மிஸ்? (கல்லடி)

இல்லை. மெலிந்திருக்கிறது.

கரண்ட் பிடிக்க நான் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இப்போது மட்டக்களப்பிலேயே புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. நான் வெள்ளவத்தையில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, கிழமையில் ஐந்து நாள், மொத்தம் 25 நாள் போய்வந்தேன். நெஞ்சில் கோடு கீறிவிடுவார்கள், குளிக்கும்போது அது அழியக் கூடாது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சிங்கள அம்மா. எனக்கு அரைகுறைச் சிங்களம், அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் இல்லை. ஒரு நாள் தன் சட்டைக் கழுத்தை இழுத்துக் கோட்டைக் காட்டினார், நானும் காட்டினேன். இருவருக்கும் இடது பக்கம். ‘பய வென்ன எப்பா’ என்றார், பயப்படாதே என்று. சொல்லிவிட்டு அவரே அழுதார். தைரியமாக இரு என்று எனக்குச் சொன்னவர்களில் நான் நம்பினது அவர் ஒருவரைத்தான்.

அந்த வருடத்துக்கு அடுத்த வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்குக்குப் போனேன். பாசிமணிப் பை புதிது அப்போது. கூட்டத்தில் நெருக்குப்பட்டு நிற்கும்போதுதான் திடீரென்று உறைத்தது, இந்தத் தாயும் இடது மார்பு இல்லாதவள்தானே என்று. எத்தனை வருடமாகக் கும்பிடுகிறேன், ஒரு தரமும் அப்படி நினைக்கவில்லை. முதலில் ஆறுதலாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கோபம் வந்தது. அவள் தன் கோபத்தில் தானே திருகி எறிந்து ஒரு ஊரை எரித்தாள். நான் மயக்க மருந்தில் கிடந்தேன். எனக்கு அந்த ஊரை எரிக்கிற சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. இதைச் சொன்னபோது இவர், ‘நல்ல காலம், நம்ம வயல் தப்பிச்சிது’ என்றார்.

இப்போது வருடத்துக்கு ஒரு தரம் மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மெமோகிராம். மற்ற நாளில் நினைவே வராது. பழைய கல்லடிப் பாலத்தில் காலையில் கை வீசி நடக்கும்போது எதிரே வருபவர்கள் ‘மிஸ் இன்னும் இளமைதான்’ என்கிறார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் கிளினிக்குக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கும். முதுகில் சின்ன நோவு வந்தால் எலும்புக்குப் போய்விட்டது என்பேன். இருமினால் நெஞ்சுக்கு. கறியில் இரண்டு தரம் உப்புப் போடுவேன். வீட்டில் அதற்கு ‘கிளினிக் காய்ச்சல்’ என்று பேர். முன்பு ‘சும்மா யோசிக்காதே’ என்பார்கள், இப்போது உப்பைச் சரிபார்த்துவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

இவர் அந்தக் கணக்கை இன்னும் வைத்திருக்கிறார். இப்போது இருப்பது மூன்றாவது கொப்பி, பழையதிலிருந்து போத்தல் கணக்குப் பக்கத்தை மட்டும் கிழித்து ஒட்டியிருக்கிறார். அடுத்த கிளினிக் திகதியும் எழுதியாயிற்று, உழவு மெஷின்காரனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கிக்குக் கீழே.